கியர்களில் அச்சு விசை: திசை முதல் பேரிங் வரை படிப்படியாக

கியர்பாக்ஸ் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வருபவர்களில் பெரும்பாலோர் சூத்திரத்தில் தடுக்கி விழுவதில்லை. டான், சைன் எல்லாம் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். அவர்கள் தடுமாறுவது திசையில். அச்சு விசையை, அதாவது ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளும் விசையை, 429 நியூட்டன் என்று மிகச் சரியாகக் கணக்கிட்டுவிட்டு, அதை எதிர்ப்பக்க பேரிங்கின் தலையில் ஏற்றிவிடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் திசைக்குத்தான் அதிக இடம்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முந்தைய படிகளின் விடை பின்னால் வரும் படிகளுக்குத் தேவைப்படும். 6 முதல் 9 வரை மட்டும் உங்கள் கியர் வகைக்கு உரியதைச் செய்தால் போதும்.

1. கையில் இருக்க வேண்டியவை

மோட்டாரின் திறன், வேகம். கியரின் மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண், மி.மீட்டரில்), பற்களின் எண்ணிக்கை, அழுத்தக் கோணம் (பல் முகத்தின் சாய்வு, பெரும்பாலும் 20 டிகிரி). ஹெலிகல் (சாய்பல் கியர்) என்றால் ஹெலிக்ஸ் கோணமும் (அச்சிலிருந்து பல் சாயும் அளவு) பல் எந்தக் கை என்பதும் (எந்தப் பக்கம் சாய்கிறது, 4-ஆம் படியில் வரும்). பெவல் (கூம்பு வடிவக் கியர்) என்றால் கூம்புக் கோணமும் பல் அகலமும். இரண்டு பேரிங்குக்கும் நடுவே உள்ள தூரம், அந்த இடைவெளியில் கியர் எங்கே உட்காருகிறது என்பது.

இவை டிராயிங்கிலேயே இருக்கும். பலர் கேட்டு வாங்க மறப்பது வேறு மூன்று தகவல்கள். ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது, அதை எங்கே நின்று பார்த்துச் சொன்னார்கள், இயந்திரம் பின்திசையிலும் ஓடுமா. "கடிகாரத் திசை" என்று மட்டும் எழுதி அனுப்பிவிடுவார்கள். மோட்டாரை ஷாஃப்ட் முனைப் பக்கம் நின்று பார்ப்பதுதான் வழக்கம். விசிறிப் பக்கம் நின்று பார்த்தவர் சொன்னால் எல்லாமே தலைகீழாகிவிடும். பதில் எழுத்தில் வரும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. படம் வரைந்து மூன்று விசைகளையும் பிரியுங்கள்

பல்லின் மேல் விழுவது ஒரே விசைதான். கணக்குக்காக அதை மூன்றாகப் பிரிக்கிறோம். சக்கரத்தைச் சுழற்றும் தொடுகோட்டு விசை, இரண்டு ஷாஃப்டையும் விலக்கித் தள்ளும் ஆர விசை, ஷாஃப்டின் நீளவாக்கில் தள்ளும் அச்சு விசை.

ஷாஃப்டை ஒரு நீளமான கோடாகப் போட்டு, பேரிங் இரண்டையும் 'இடம்', 'வலம்' என்று குறியுங்கள். கியர் தொடும் புள்ளி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையும் காட்டுங்கள். இந்தப் படம் இல்லாமல் கணக்குப் போட்டவர்கள் 11-ஆம் படியில் கட்டாயம் மாட்டிக்கொள்வார்கள்.

நேர்ப்பல் கியரில், அதாவது ஸ்பர் கியரில், அச்சு விசை கிடையாது. பல் அச்சுக்கு இணையாக இருப்பதால் நீளவாக்கில் தள்ள அதற்கு வழியில்லை. ஸ்பர் கியர் ஷாஃப்டில் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் ஷாஃப்ட்கள் இணையாக இல்லை, அல்லது பல் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து வெட்டப்பட்டிருக்கிறது. த்ரஸ்ட் பேரிங் (அச்சு விசையைத் தாங்குவதற்கான பேரிங்) போட்டு அதை அடக்கப் பார்க்காமல், நகர்வதற்கான காரணத்தைச் சரிசெய்யுங்கள்.

3. தொடுகோட்டு விசையைக் கண்டுபிடியுங்கள்

மற்ற இரண்டும் இதிலிருந்துதான் வரும். அதனால் இது முதலில்.

முறுக்குவிசை (நியூட்டன் மீட்டரில்) = 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம்.

தொடுகோட்டு விசை = 2 × முறுக்குவிசை ÷ பிட்ச் விட்டம் (இரண்டு கியரும் ஒன்றன்மேல் ஒன்று உருளும் வட்டத்தின் விட்டம், மீட்டரில்).

எடுத்துக்காட்டாக, 1440 ஆர்பிஎம்மில் ஓடும் 7.5 கிலோவாட் மோட்டார். முறுக்குவிசை 49.7 நியூட்டன் மீட்டர். பினியனில் (ஜோடியின் சின்ன கியர்) 20 பல், நார்மல் மாட்யூல் (பல்லுக்குச் செங்குத்தாக அளந்த மாட்யூல்) 3, ஹெலிக்ஸ் கோணம் 15 டிகிரி. பிட்ச் விட்டம் 60 இல்லை. 60-ஐ காஸ் 15-ஆல் வகுக்க வேண்டும்: 62.1 மி.மீ. தொடுகோட்டு விசை சுமார் 1,600 நியூட்டன்.

மாட்யூலைப் பற்களால் பெருக்கியதோடு நிறுத்துவது ஹெலிகலில் அடிக்கடி வரும் பிழை. 15 டிகிரியில் வித்தியாசம் சிறிதுதான், 30 டிகிரியில் 13 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

நேரடியாக ஸ்டார்ட் செய்யும் இண்டக்‌ஷன் மோட்டார் கிளம்பும்போது தரும் முறுக்குவிசை, ஓடும்போது தருவதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே போகலாம். பேரிங்கின் ஆயுளுக்கு ஓடும் விசையைப் போடுங்கள். சர்க்கிளிப் (பள்ளத்தில் மாட்டும் பூட்டு வளையம்), கவர் போல்ட் போன்றவற்றின் பலத்துக்கு ஸ்டார்ட் ஆகும்போது வரும் விசையைப் போடுங்கள்.

4. பல் எந்தக் கை என்று பாருங்கள்

கியரை மேஜையில் படுக்க வையுங்கள், அச்சு மேல்நோக்கி நிற்கட்டும். உங்களுக்கு நேரே இருக்கும் பல்லைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் வலக்கை, இடப்பக்கம் சாய்ந்தால் இடக்கை. கியரைக் கவிழ்த்து வைத்தாலும் கை மாறாது. சந்தேகம் இருந்தால் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள், இதை நம்பாத ஒருவர் எல்லாப் பட்டறையிலும் இருப்பார்.

இணையான ஷாஃப்டில் வெளிப்பல் ஹெலிகல் ஜோடிக்கு ஒன்று வலக்கை, மற்றது இடக்கை. உட்பல் வளையத்தோடு சேரும் பினியனுக்கு இரண்டும் ஒரே கை. வார்மும் (திருகு வடிவக் கியர்) அதோடு சேரும் வார்ம் வீலும் ஒரே கைதான்.

5. திசையை முடிவு செய்யுங்கள்

விதி இதுதான். ஓட்டும் கியர் வலக்கை என்றால் வலது கையை எடுங்கள், இடக்கை என்றால் இடது கை. அது சுற்றும் திசையில் நான்கு விரல்களையும் மடக்குங்கள். நீட்டிய கட்டைவிரல் காட்டும் பக்கம்தான் ஓட்டும் கியரின் மேல் அச்சு விசை தள்ளும். ஓட்டப்படும் கியரின் மேல் அதே அளவு, எதிர்ப்பக்கம்.

ஏன் அப்படி? வலக்கை ஹெலிகல் என்பது வலது மரையின் ஒரு துண்டு. நட்டு நகராமல் பிடித்துக்கொண்டு போல்ட்டைத் திருகினால் போல்ட் முன்னே போகும். கியர் முன்னே போக முடியாமல் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்புக்கு எதிரான தள்ளல்தான் அச்சு விசை.

இந்த விதியில் 'ஓட்டும் கியர்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் வேகமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். படத்தில் இருக்கும் இரண்டில் எது மோட்டார் பக்கம் என்று பார்த்துவிட்டு, கையை எந்தக் கியர்மேல் தோன்றுகிறதோ அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். ஓட்டப்படும் கியரின் மேல் வைத்தால் விடை நேர் எதிராக வரும். எப்போதும் ஓட்டுவதில் மட்டும் கையை வையுங்கள். மற்றதற்குத் தனியாக விதி தேடாமல் எதிர் அம்பு போடுங்கள்.

இனி சற்றுச் சிக்கலான இடம். கன்வேயர் மோட்டாரின் இரண்டு ஃபேஸை மாற்றி எதிர்ப்பக்கம் ஓட்டினால் அச்சு விசை திரும்பும். சுழற்சி மாறியது, ஓட்டும் கியர் மாறவில்லை. அதனால் அம்பு ஒருமுறை திரும்பியது. சரி.

ஆனால் ஹாய்ஸ்ட்டில் அப்படியில்லை. சுமையைத் தூக்கும்போது மோட்டார் பக்கம் ஓட்டுகிறது. இறக்கும்போது சுழற்சி எதிர்ப்பக்கம். கூடவே, இப்போது சுமைதான் ஓட்டுகிறது, மோட்டார் பிடித்து நிறுத்துகிறது. சுழற்சியும் மாறியது, ஓட்டுபவரும் மாறினார். இரண்டு மாற்றமும் ஒன்றையொன்று அடித்துவிட, அச்சு விசை தூக்கும்போது இருந்த பக்கமே இருக்கும். பல்லைப் பார்த்தாலும் இது புரியும், ஏறும்போதும் இறங்கும்போதும் அதே பக்கச் சாய்வுதான் சுமை தாங்குகிறது.

ஆக, அச்சு விசையின் திசையைத் தீர்மானிப்பது அந்தக் கியரின் மேல் முறுக்குவிசை எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான். வண்டி மேட்டில் ஏறுவதும், கியரிலேயே சரிவில் இறங்குவதும் ஒரே சுழற்சிதான். ஆனால் இறக்கத்தில் சக்கரம் என்ஜினை ஓட்டுகிறது, அச்சு விசை திரும்பிவிடும்.

ஒவ்வொரு இயக்க நிலைக்கும் தனி அம்பு வரையுங்கள். சிவப்பு முன்னோக்கி, நீலம் பின்னோக்கி என்று வைத்துக்கொண்டால் போதும்.

6. ஹெலிகல்: அளவு

அச்சு விசை = தொடுகோட்டு விசை × டான் (ஹெலிக்ஸ் கோணம்).

ஆர விசை = தொடுகோட்டு விசை × டான் (நார்மல் அழுத்தக் கோணம்) ÷ காஸ் (ஹெலிக்ஸ் கோணம்).

நம் எடுத்துக்காட்டில் அச்சு விசை 429 நியூட்டன், ஆர விசை 603 நியூட்டன். அதே பினியனை 30 டிகிரியில் வெட்டினால் விட்டம் 69.3 மி.மீ ஆகிறது, தொடுகோட்டு விசை 1,436-ஆகக் குறைகிறது. அப்படியும் அச்சு விசை 829-ஆக ஏறுகிறது. கோணத்தைக் கூட்டினால் சத்தம் குறையும் என்று மட்டும் பார்ப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணையும் பார்க்க வேண்டும்.

7. நேர்ப்பல் பெவல்

இங்கே கை விதியை எடுக்காதீர்கள். நேர்ப்பல் பெவலில் அச்சு விசை எப்போதும் கூம்பின் உச்சியை விட்டு வெளியே தள்ளும். பினியனுக்கும் வீலுக்கும் (ஜோடியின் பெரிய கியர்) அப்படித்தான், எந்தப் பக்கம் சுற்றினாலும் அப்படித்தான். பற்கள் ஒன்றையொன்று விலக்கும் விசை கூம்பின் சாய்வால் இரண்டாகப் பிரிவதால் வருவது இது.

அச்சு விசை = தொடுகோட்டு விசை × டான் (அழுத்தக் கோணம்) × சைன் (கூம்புக் கோணம்). ஆர விசைக்கு சைன் இடத்தில் காஸ்.

தொடுகோட்டு விசையைப் பல் அகலத்தின் நடுவில் உள்ள விட்டத்தில் எடுக்க வேண்டும், வெளி விட்டத்தில் இல்லை. வெளி விட்டத்தில் எடுத்தால் விசை குறைவாகத் தெரியும், தவறு ஆபத்தான பக்கம் போகும்.

1:2 விகிதம், ஷாஃப்ட்கள் 90 டிகிரியில் என்றால் பினியனின் கூம்புக் கோணம் 26.6. அதன் அச்சு விசை தொடுகோட்டு விசையில் 0.163 பங்கு, ஆர விசை 0.326 பங்கு. வீலில் இவை இடம் மாறும். பினியனின் ஆர விசைதான் வீலின் அச்சு விசை. ஆக, மெதுவாகச் சுற்றுகிற, பார்த்தால் சாதுவாகத் தெரிகிற வீல் ஷாஃப்டுக்குத்தான் இரண்டு மடங்கு த்ரஸ்ட். நல்ல பேரிங்கைப் பினியனுக்குக் கொடுத்துவிட்டு வீலைக் கவனிக்காமல் விடுவது இங்கே வழக்கமான கோளாறு.

8. ஸ்பைரல் பெவலும் ஹைபாய்டும்

ஸ்பைரல் பெவலில் பல் வளைந்திருக்கும். ஹைபாய்டு என்பது ஷாஃப்ட்களின் அச்சுகள் ஒன்றையொன்று வெட்டாமல் விலகி நிற்கும் அதே மாதிரி ஜோடி. இதில் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. கூம்பின் சாய்வு வெளியே தள்ளுகிறது. பல்லின் வளைவு, ஹெலிகலைப் போல, சுழற்சியைப் பொறுத்து வெளியேயோ உள்ளேயோ தள்ளுகிறது.

முதலில் கை. கியரின் பல் முகத்தை நேராகப் பாருங்கள். பல்லின் நடுவிலிருந்து வெளி விளிம்பை நோக்கிப் போகும் பாதி கடிகாரத் திசையில் சாய்ந்தால் வலக்கை. அப்புறம் சுழற்சி. இதைக் கியரின் முதுகுப் பக்கம் நின்று உச்சியை நோக்கிப் பார்க்க வேண்டும். கையைப் பார்க்க முன்னால், சுழற்சியைப் பார்க்கப் பின்னால் என்று இடம் மாறி நிற்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். படத்தில் இரண்டு கண் வரைந்து எது எதற்கு என்று எழுதிவிடுங்கள்.

பினியனின் அச்சு விசை = (தொடுகோட்டு விசை ÷ காஸ் ஸ்பைரல் கோணம்) × (டான் அழுத்தக் கோணம் × சைன் கூம்புக் கோணம் ± சைன் ஸ்பைரல் கோணம் × காஸ் கூம்புக் கோணம்).

ஓட்டும் பினியன் வலக்கையாக இருந்து கடிகாரத் திசையில் சுற்றினால் கழித்தல் குறி. இடக்கையாக இருந்து எதிர்த்திசையில் சுற்றினாலும் கழித்தல். மற்ற இரண்டுக்கும் கூட்டல். விடை கூட்டலாக வந்தால் உச்சியை விட்டு வெளியே, கழித்தலாக வந்தால் உச்சியை நோக்கி உள்ளே.

மேலே பார்த்த அதே 1:2 பினியனை 35 டிகிரி ஸ்பைரலில் போட்டுப் பாருங்கள். ஒரு சுழற்சியில் 0.83 பங்கு வெளியே தள்ளுகிறது. எதிர்ச் சுழற்சியில் 0.43 பங்கு உள்ளே இழுக்கிறது. நேர்ப்பல்லில் 0.163 மட்டுமே இருந்தது. "பெவலுக்குப் பதில் ஸ்பைரல் பெவல் போட்டோம், பேரிங் அதேதான்" என்று யாராவது சொன்னால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

உள்ளே இழுப்பது கூடுதல் தொல்லை. பேரிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் பினியன் வீலுக்குள் ஆப்பாக இறங்கி, பல் இடைவெளி காணாமல் போய்விடும். அதனால் அதிக நேரம் ஓடும் சுழற்சியில் வெளியே தள்ளுகிற கையைத் தேர்ந்தெடுப்பார்கள். கார், லாரி பின் அச்சு ஹைபாய்டில் பினியன் பெரும்பாலும் இடக்கை. முன்னே ஓடும்போது கிரவுன் வீலை (பினியனோடு சேரும் பெரிய கியர்) விட்டு விலகும் பக்கம் தள்ளும், பினியன் தலையை ஒட்டிய பெரிய டேப்பர் ரோலர் (கூம்பு உருளை பேரிங்) அதைத் தாங்கும். ரிவர்ஸிலும் என்ஜின் பிரேக்கிலும் இது திரும்பும். அந்த பேரிங் ஜோடியை முன்சுமை (ஆட்டம் இல்லாதபடி முன்கூட்டியே ஏற்றும் அழுத்தம்) கொடுத்து இறுக்குவது இதற்காகத்தான். ஆக்ஸில் மாற்றும்போது முன்சுமையைத் தோராயமாக வைத்துவிட்டால் பினியன் இரண்டு பக்கமும் நடக்கத் தொடங்கும்.

9. வார்ம்

வார்மில் விசைகள் இடம் மாறிக்கொள்ளும். வார்மின் அச்சு விசைதான் வீலின் தொடுகோட்டு விசை. வார்மின் தொடுகோட்டு விசைதான் வீலின் அச்சு விசை. இது மனதில் பதிந்தால் பாதி வேலை முடிந்தது.

திசைக்கு 5-ஆம் படியின் கை விதியையே வார்மின் மேல் வையுங்கள். அளவுக்கு உராய்வைச் சேர்த்தாக வேண்டும்:

வார்மின் அச்சு விசை = வார்மின் தொடுகோட்டு விசை ÷ டான் (லீட் கோணம் + உராய்வுக் கோணம்). லீட் கோணம் என்பது வார்ம் மரையின் சாய்வு.

1440 ஆர்பிஎம்மில் ஓடும் 1.5 கிலோவாட் மோட்டார், விட்டம் 40 மி.மீ உள்ள ஒற்றை மரை வார்ம், மாட்யூல் 4, வீலில் 40 பல். முறுக்குவிசை 9.95 நியூட்டன் மீட்டர், தொடுகோட்டு விசை 497 நியூட்டன். லீட் கோணம் 5.7 டிகிரி. உராய்வுக் கெழு 0.05 என்றால், பல்லின் 20 டிகிரி சாய்வையும் சேர்த்து, உராய்வுக் கோணம் சுமார் 3 டிகிரி. அச்சு விசை ஏறத்தாழ 3,230 நியூட்டன்.

7.5 கிலோவாட் ஹெலிகலில் 429. அதில் ஐந்தில் ஒரு பங்கு திறனுள்ள இந்தச் சின்ன வார்மில் அதைப் போல ஏழரை மடங்கு. மோட்டாரின் அளவைப் பார்த்துப் பேரிங் எடுப்பவர்கள் வார்மில் தோற்பது இதனால்தான்.

உராய்வை விட்டுவிட்டால் 4,970 நியூட்டன் என்று வரும். தேவைக்கு மேல் கனமான பேரிங் வாங்குவீர்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் ஆபத்து அதிகம். வீல் பக்கத்து முறுக்குவிசை எவ்வளவு என்று வாடிக்கையாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தால், அச்சு விசையை நேராக அதிலிருந்து எடுங்கள். அங்கே உராய்வால் மறுபடி குறைக்காதீர்கள்.

வார்ம் பெட்டி சூடாகும், ஷாஃப்ட் நீளும். 250 மி.மீ எஃகு ஷாஃப்ட், ஹவுசிங்கைவிட 50 டிகிரி அதிகம் சூடானால் சுமார் 0.14 மி.மீ நீளும். இரண்டு முனையிலும் பேரிங்கை இறுக்கிப் பூட்டினால் இந்த நீட்சிக்குப் போக இடமில்லாமல், கணக்கில் வராத இன்னொரு அச்சு விசை பிறக்கும். ஒரு முனையில் டேப்பர் ரோலரையோ ஆங்குலர் கான்டாக்ட் பால் பேரிங்கையோ ஜோடியாகப் போட்டு இரு பக்கத் தள்ளலையும் அங்கேயே தாங்க வையுங்கள். மறுமுனை நீளவாக்கில் நகரட்டும். ஷாஃப்ட் குட்டையாக, வெப்பம் குறைவாக இருந்தால் இரு முனையிலும் ஒவ்வொரு டேப்பர் போட்டு, சிறு இடைவெளியோடு விடுவதும் உண்டு.

10. ஒரே ஷாஃப்டில் இரண்டு ஹெலிகல் இருந்தால்

இரண்டு கட்ட கியர்பாக்ஸின் நடு ஷாஃப்டில் ஓட்டப்படும் பெரிய கியர் ஒன்று, ஓட்டும் சின்ன பினியன் ஒன்று. இவை ஒரே கையாக இருக்க வேண்டும். புதியவர்கள் 'எதிரெதிர்க் கை போட்டால் அடித்துக்கொள்ளும்' என்று நினைப்பார்கள். ஒன்று ஓட்டுகிறது, மற்றது ஓட்டப்படுகிறது என்பதிலேயே ஒரு எதிர் வந்துவிட்டது. கையிலும் எதிர் வைத்தால் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து தள்ளும்.

நடு ஷாஃப்டில் 200 நியூட்டன் மீட்டர், கியர் விட்டம் 200, பினியன் விட்டம் 80, இரண்டுக்கும் 15 டிகிரி. கியரில் அச்சு விசை 536, பினியனில் 1,340. ஒரே கை என்றால் மிச்சம் 804 நியூட்டன். எதிர்க் கை என்றால் 1,876.

முழுதாக அடித்துக்கொள்ள வேண்டுமானால், கோணத்தின் டானை விட்டத்தால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே எண் வர வேண்டும். பினியன் 10 டிகிரி என்றால் கியர் 23.8 டிகிரி. அவ்வளவு துல்லியமாக யாரும் மெனக்கெடுவதில்லை, முதல் கட்டத்துக்குக் கொஞ்சம் அதிகக் கோணம் கொடுத்தாலே நல்ல பலன்.

இரட்டை ஹெலிகலில் இரண்டு பாதியும் தமக்குள்ளேயே அடித்துக்கொள்ளும், வெளியே எதுவும் வராது. அதனால் ஒரு ஷாஃப்டை மட்டும் நீளவாக்கில் பூட்டி, மற்றதை மிதக்க விட வேண்டும். இரண்டையும் பூட்டினால் ஒரு பாதி மட்டும் முழுச் சுமையையும் சுமக்கும். மிதக்கிற ஷாஃப்டில் கியர் கப்ளிங் (பற்களால் இரண்டு ஷாஃப்டை இணைப்பது) இருந்தால் அதையும் பாருங்கள், சுமையில் அதன் பற்கள் உராய்ந்து பிடித்துக்கொண்டு ஷாஃப்டை நகர விடாது.

ஹெலிகல் பிளானட்டரியில் (நடுவில் சூரிய கியர், அதைச் சுற்றி பிளானட் கியர்கள், வெளியே உட்பல் வளையம்) பிளானட்டின் மேல் சூரிய கியர் தரும் அச்சு விசையும் வளையம் தரும் அச்சு விசையும் எதிரெதிர். மொத்தம் பூஜ்யம் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டும் எதிரெதிர் விளிம்பில் விழுவதால் பிளானட்டைக் கவிழ்க்கப் பார்க்கும். சூரிய கியருக்கும் வளையத்துக்கும் த்ரஸ்ட் அப்படியே உண்டு.

11. கவிழ்ப்பைச் சேருங்கள்

அச்சு விசை ஷாஃப்டின் நடுக்கோட்டில் விழுவதில்லை, பிட்ச் ஆரத்தில் விழுகிறது. அதனால் ஷாஃப்டைச் சாய்க்கிறது. அந்தச் சாய்ப்பை இரண்டு பேரிங்கும் ஆர விசையாகத் தாங்க வேண்டும்.

நம் ஹெலிகல் பினியனில் 429 நியூட்டன், ஆரம் 31 மி.மீ. பெருக்கினால் 13.3 நியூட்டன் மீட்டர். பேரிங் இடைவெளி 120 மி.மீ என்றால் ஒவ்வொரு பேரிங்கிலும் 111 நியூட்டன், ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். பினியன் சரியாக நடுவில் இருக்கிறது. ஆரத் திசையில் ஒரு பேரிங்குக்கு 413, மற்றதுக்கு 191. தொடுகோட்டுத் திசையில் இரண்டுக்கும் 801. சேர்த்துப் பார்த்தால் 901-உம் 823-உம்.

எதில் கூட்டல்? வெளிப்பல் ஜோடியில் அச்சு விசை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்க பேரிங்கில். படத்தில் அம்பு இருந்தால் இது ஒரு பார்வையில் தெரியும். அம்பு தவறு என்றால் இந்தக் கூட்டல் கழித்தலும் தவறு.

12. பேரிங்கைத் தேர்ந்தெடுங்கள்

429 நியூட்டனுக்குத் தனி த்ரஸ்ட் பேரிங் தேவையில்லை. சாதாரண டீப் குரூவ் பால் பேரிங் போதும். அச்சுச் சுமை, பட்டியலில் உள்ள நிலைச்சுமைத் திறனில் (சுற்றாமல் நிற்கும்போது பேரிங் தாங்கும் சுமை) பாதியைத் தாண்டக் கூடாது என்பது பொது வழிகாட்டுதல், சின்ன பேரிங்குகளுக்குக் கால் பங்கு. 6206 எண்ணுள்ள டீப் குரூவ் பேரிங்கின் நிலைச்சுமைத் திறன் சுமார் 11 கிலோநியூட்டன். ஒன்றைப் பூட்டி மற்றதன் வெளி வளையத்தை நகர விட்டால் வேலை முடிந்தது. பூட்டிய பக்கம் என்யூ வகை உருளை பேரிங்கைப் போட்டுவிடாதீர்கள், அது அச்சு விசையைத் தாங்கவே தாங்காது. என்ஜே ஒரு பக்கம் மட்டும் தாங்கும்.

டேப்பர் ரோலர் போட்டால் கூடுதலாக ஒரு படி. ஆர விசை விழுந்தாலே டேப்பர் தானாக ஒரு அச்சு விசையை உண்டாக்கும். அது ஆர விசை ÷ (2 × ஒய் மதிப்பு). ஒய் மதிப்பு பேரிங் பட்டியலில் இருக்கும். 30206 எண்ணுள்ள டேப்பருக்கு 1.6.

நம் பினியனில் இரண்டு 30206, முகத்துக்கு முகம் பார்த்தபடி (வெளி வளையங்களின் தடித்த பக்கம் வெளியே). 429 தள்ளும் பக்க பேரிங்கின் ஆர விசை 901, மறுபக்கம் 823. மறுபக்க பேரிங் தானாக உண்டாக்குவது 257 நியூட்டன். அது ஷாஃப்ட் வழியாக வந்து சேரும். ஆக, சுமை தாங்கும் பேரிங்கின் மேல் 429 இல்லை, 686.

அதன் சமானச் சுமை (ஆர, அச்சு விசைகளைச் சேர்த்து ஆயுள் கணக்குக்கு எடுக்கும் ஒற்றை எண்) 0.4 × 901 + 1.6 × 686 = 1,458 நியூட்டன். 257-ஐ மறந்தவருக்கு 1,047 வரும். ஆயுள் இந்தச் சுமையின் 10/3 அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், மறந்தவர் காகிதத்தில் உண்மையைப் போல மூன்று மடங்கு ஆயுளைக் காட்டிக்கொண்டிருப்பார்.

முதுகுக்கு முதுகு வைத்தால் அதே 429-ஐத் தாங்குவது எதிர்ப்பக்க பேரிங். எந்த பேரிங் தாங்குகிறது என்று எழுதிவிட்டு மேலே போங்கள்.

இன்னொன்று. விசை போகும் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கியர், ஷாஃப்ட் தோள், ஸ்பேசர், உள் வளையம், ரோலர், வெளி வளையம், கவர், கவர் போல்ட், ஹவுசிங். நடுவில் ஒரு சர்க்கிளிப் இருந்தால் சங்கிலியில் பெரும்பாலும் பலவீனமான கண்ணி அதுதான். கியரைத் தள்ளும் பக்கம் தோளில் உட்கார வையுங்கள், நட்டு மறுபக்கம் இருக்கட்டும். மாற்றி வைத்தால் முழு த்ரஸ்டும் நட்டின் மரையில் ஏறும்.

13. கோத்த பிறகு

ஷாஃப்ட் முனையில் டயல் கேஜை வைத்து, நெம்பி இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். வரும் ஆட்டம் பேரிங் பட்டியல் சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். அதிகமானால் கவருக்கு அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) குறையுங்கள், ஆட்டமே இல்லையென்றால் கூட்டுங்கள். பெவலில் இதோடு நீலச் சாயம் பூசித் தொடும் இடத்தையும் பாருங்கள்.

கப்ளிங் மாட்டும் முன் மோட்டாரை ஒரு நொடி தனியே ஓட்டிச் சுழற்சியைச் சரிபாருங்கள். ஃபேஸ் மாறி இருந்தால், நேர்ப்பல் பெவலைத் தவிர, இதுவரை போட்ட அம்பெல்லாம் எதிர்ப்பக்கம்.

பழைய கியர்பாக்ஸைப் பிரிக்கும்போது டீப் குரூவ் பேரிங்கின் வளையங்களைத் தூக்கிப் போடாமல் துடைத்துப் பாருங்கள். பந்து ஓடிய தடம் பள்ளத்தின் நடுவில் இருந்தால் அச்சு விசை குறைவு. உள் வளையத்தில் ஒரு தோளை ஒட்டியும், வெளி வளையத்தில் எதிர்த் தோளை ஒட்டியும் இருந்தால், அந்த பேரிங் எந்தப் பக்கத் தள்ளலைத் தாங்கியது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் படத்தின் அம்போடு ஒப்பிடுங்கள். எதிராக இருந்தால் முதலில் சுழற்சியை எங்கே நின்று பார்த்தார்கள் என்று கேளுங்கள், அடுத்து பல்லின் கையைப் பாருங்கள். சூத்திரத்தைச் சந்தேகிப்பது அதற்கும் பிறகுதான்.